காதில் விழுந்தால்தான் தீட்டு

வனத்துறை அனுமதி வந்த அன்றைக்குத்தான் சேதுபதியின் உயிர்மேல் நரியனேந்தலுக்கு அக்கறை வந்தது.

அதற்கு முந்தைய பதினான்கு மாதமும் அவனை இழுத்துக்கொண்டு அலைந்தவள் அவன் பெண்டாட்டி ஜெயப்பிரியா ஒருத்திதான். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஊரிலிருந்து விலக்கு ரோடு வரைக்கும் அவனைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, ஒரு கையால் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே தள்ளிப் போவாள். ஆறேகால் பஸ்ஸைப் பிடித்து ராமநாதபுரம் போய், நாலு மணி நேரம் மிஷினில் கிடத்தி, திரும்பிக் கொண்டுவந்து சேர்க்கும்போது வெயில் சாய்ந்திருக்கும். சீமைக்கருவேல் காட்டுக்குள் கரிமூட்டம் போடுகிற ஆட்கள் அவர்களைப் பார்ப்பார்கள். "என்னப்பா, தேவலையா?" என்பார்கள். மண்வெட்டியைக் கீழே வைக்கமாட்டார்கள்.

சேதுபதி சவுதியில் தம்மாமில் தண்ணீர் லாரி ஓட்டியவன். ஏழு வருசம் ஊருக்கெல்லாம் தண்ணீர் சுமந்தவன், மூத்திரம் பெய்ய வண்டியை நிறுத்தமுடியாது என்று தான் குடிக்காமலே ஓட்டியிருக்கிறான். இரண்டு கிட்னியும் சுருங்கிப்போய்த் திரும்பி வந்தான். இப்போது ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அவனுக்கு அளவு. சோற்றில் இருக்கும் தண்ணீரும் அதில் சேர்த்தி. உப்பு ஆகாது, கருவாடு ஆகாது, இளநீர் விஷம். பங்குனி வெயிலில் உதடு வெடித்து ரத்தம் கசியும். ஜெயப்பிரியா ஈரத்துணியால் ஒற்றிவிடுவாள். அவன் அந்தத் துணியைப் பல்லால் கவ்விக்கொண்டு விடமாட்டான். பிடுங்கவேண்டியிருக்கும்.

அந்த ஊரில் இருபத்திரண்டு தலைக்கட்டுப் பங்காளிகள். எல்லாருக்கும் குலசாமி ஆனைக்கசத்து அய்யனார். சாமி இருப்பது இங்கே இல்லை, மேற்கு மலைக்காட்டுக்குள். வேனில் ஏழு மணி நேரம், பிறகு நடை ஒன்பது கிலோமீட்டர். எந்தக் காலத்திலோ பஞ்சத்தில் அங்கிருந்து இறங்கிவந்த கூட்டம். அங்கே போய்ச் சாமி காலடியில் பிடிமண் எடுத்துவந்து ஊரில் ஒரு பீடம் கட்டி வைத்துவிட்டால் அதற்குப் பிறகு காட்டுக்குப் போகவேண்டியதில்லை. இதைப் பன்னிரண்டு வருசமாகத் திட்டம் போடுகிறார்கள். ஒரு தடவை காப்புக் கட்டிய மறுநாள் பூமிநாதனின் அய்யா செத்துப்போனார். அடுத்து கொரோனா. அதற்கடுத்து யானை நடமாட்டம் என்று வழியை அடைத்தார்கள். இந்த வருசம்தான் ரேஞ்சர் ஆபீஸில் ஒரே ஒரு நாள் கொடுத்திருந்தார்கள். நாற்பது பேர், ஆதார் நகலோடு. தீ மூட்டக்கூடாது. பொங்கல் வைப்பதென்றால் செக்போஸ்ட்டுக்கு வெளியே. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு ஆள்கூட உள்ளே இருக்கக்கூடாது. அடுத்த வருசம் கிடைக்குமா என்று கேட்டதற்கு அதிகாரி சிரித்தாராம்.

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் இருபத்திரண்டு வீட்டுக்கும் தீட்டு. ஒரு வருசத்துக்குச் சாமி பக்கம் தலைவைக்கமுடியாது.

அனுமதிக் கடிதம் வந்த மறுநாள் விடியற்காலையில் பூமிநாதனின் டாட்டா ஏஸ் சேதுபதி வீட்டு வாசலில் வந்து நின்றது. பூமிநாதன் சேதுபதிக்குப் பெரியப்பா மகன், கரிமூட்டம் போடுகிறவன், பங்காளிகளில் மூத்த குரல். வண்டிக்குப் பின்னால் மெத்தை விரித்திருந்தது.

"இனிமே பஸ்ஸுல கிஸ்ஸுல போகாத ஆத்தா. தம்பிய நா கொண்டுபோய்க் கொண்டாறேன்."

"இம்புட்டு நாளு வண்டி ரிப்பேரா மச்சான்?" என்றாள் ஜெயப்பிரியா.

பூமிநாதன் காதில் வாங்காதவன்போல சேதுபதியின் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினான். நல்ல பலம். அவன் கை கரி படிந்து, கழுவினாலும் போகாத கறுப்பு. சேதுபதியின் வெள்ளைச் சட்டையில் இரண்டு பக்கமும் அச்சு விழுந்தது.

அன்றிலிருந்து வீடு நிறைய ஆள். பூமிநாதன் பெண்டாட்டி ராக்கு உப்பில்லாமல் ரசம் வைத்துக் கொண்டுவந்தாள். ஒருத்தர் டேபிள் ஃபேன் கொண்டுவந்து வைத்தார். மிளகாய்க் களத்தில் ஜெயப்பிரியா வத்தல் பொறுக்கும் வேலைக்குப் போனால், வீட்டில் யாராவது ஒருத்தர் அவனுக்குக் காவல் இருந்தார்கள். களத்தில் முண்டு வத்தல் சிவப்பாகப் பரந்து கிடக்கும். வெளுத்துப்போன சோடை வத்தலைத் தனியாகப் பிரிக்கவேண்டும். நெடியில் எல்லாப் பெண்களும் தும்முவார்கள். அதற்கு நடுவிலும் ஒருத்தி கேட்பாள்: "ஜெயா, நேத்து ராத்திரி நல்லா ஒறங்குனாகளா?" இன்னொருத்தி, "மூச்சு எப்படி இருக்கு?" என்பாள். சினை மாட்டைக் கேட்பதுபோலத்தான் இருக்கும்.

சேதுபதிக்கு எல்லாம் புரிந்திருந்தது. ஒருநாள் மத்தியானம் சொன்னான்:

"எனக்கு அய்யனாரு ஆயுசு போட்டுட்டாரு புள்ள. பங்குனி பதினாறு வரைக்கும்."

"வாயக் கழுவுங்க."

"எதுல கழுவ? அதுலயும் நீ அளவு பாப்ப."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக அவளுக்கே கோபம் வந்தது.

ஒரு வாரத்தில் மேற்கு மலையில் காட்டுத்தீ என்று டீவியில் காட்டினார்கள். ரேஞ்சர் ஆபீஸில் தேதியைப் பதினைந்து நாள் தள்ளிப்போட்டார்கள். ஊர் முழுக்க எழவு விழுந்த மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டது. ஜெயப்பிரியா மட்டும் அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள். இன்னும் பதினைந்து நாள் வண்டி வரும். இன்னும் நாலு டயாலிசிஸ் அவன் சைக்கிளில் ஆடாமல் போகலாம். காடு முழுக்க எரிந்து போகட்டும் என்றுகூட நினைத்தாள். அவள் சாமிக்குப் பயந்தவள்தான். இருந்தும் நினைத்தாள்.

காடு எரியவில்லை. சனிக்கிழமை காலை கண்மாய்க்கரை ஆலமரத்தடியில் காப்புக் கட்டினார்கள். போகிறவர்கள் நாற்பது பேர் என்றாலும் காப்பு இருபத்திரண்டு வீட்டில் எல்லாருக்கும். சேதுபதிக்கு மட்டும் கட்டவில்லை. அவன் கையில் டயாலிசிஸ் ஊசி போடும் நரம்பு புடைத்திருந்தது, அதில் கயிறு இறுக்கக்கூடாது என்று ஜெயப்பிரியா சொன்னாள். "இன்னொரு கை இருக்கே" என்று யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் நிம்மதியாகவே இருந்தது. அவளுக்கும் கட்டவில்லை. அவளும் கேட்கவில்லை.

குறி சொல்லும் கோடாங்கி சின்னக்கருப்பன் எல்லாரையும் உட்காரவைத்து நடைமுறை சொன்னான். வயது எழுபதுக்குப் பக்கம், வாயில் எப்போதும் வெற்றிலை.

"காப்புக் கட்டுனவன் காதுல எழவுச் சேதி விழக்கூடாது. விழுந்தாத்தான் தீட்டு. விழாதவரைக்கும் இல்ல. இது நா சொல்லல, முன்னோரு வச்ச நடமொற. அந்தக் காலத்துல எல்ல தாண்டிட்டா சேதி வராது. இப்ப அந்த எழவு சட்டப்பையிலயே கெடக்குது." கூட்டம் சிரித்தது. "அதனால அம்புட்டுப் பேரும் போன அணைங்க. போறவுக, இருக்கவுக, எல்லாரும். பிடிமண்ணப் பீடத்துல வச்சு, காப்ப அவுத்தப்பறந்தான் போனு."

"பொம்பளைகளுமா சாமி?" என்றாள் நாகஜோதி. அவள் புருசன் பூமிநாதனுக்குத் தம்பி. ஊரில் தங்குகிறவர்கள் அவர்கள். ஏஸ் வண்டிச் சாவி அவர்களிடம்தான் இருக்கும்.

"ஒனக்குக் காது இல்லையா? பொம்பளைக்குத்தேன் நாலு காது."

மறுபடி சிரிப்பு. யார் வீட்டு எழவு என்று யாரும் பேர் சொல்லவில்லை. எல்லாரும் ஆலமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெயப்பிரியா எழுந்து நின்றாள். "ஒரு ஆத்திர அவசரம்னா நா யாரக் கூப்புட?"

ராக்குதான் சொன்னாள்: "ரெண்டு நாளுதாண்டி. வெள்ளிக்கெழம மிஷினு போட்டு வந்தாச்சு. செவ்வாக்கெழம விடிய நாங்க வந்துருவம். அவுகளே வந்து கூட்டிட்டுப் போவாக. அதுக்குள்ள என்ன வந்துறப் போகுது?"

"நீங்க இங்கன இருங்கன்னு சொல்லல அக்கா. ஒரு போனு."

பூமிநாதன் பின்னால் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: "ஆத்தா, நா மட்டும் செக்போஸ்ட் வரைக்கும் ஆன்ல வச்சிருக்கேன். யார்கிட்டயும் சொல்லாத. ஒண்ணுன்னா எனக்குப் போடு, எங்கிட்டாவது சொல்லி வண்டி வரவைக்கிறேன்." சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. அவன் பொய் சொன்னான் என்று அவள் பின்னாலும் நினைக்கவில்லை. அப்போது அவன் உண்மையாகத்தான் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு இரண்டு வேனும் கிளம்பத் தயாராக நின்றன. போகிறவர்கள் போகமுடியாத பங்காளிக்குப் பங்கு கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று ஒரு முறை. சாமிக்குக் கரைத்த பானக்கத்தில் வீட்டுக்கு ஒரு வாய் அவனுக்கு ஊட்டுவார்கள். அதற்குப் பிறகு போனவன் கால் நடந்தால் இருந்தவன் காலும் நடந்த மாதிரி.

சேதுபதியைக் கட்டிலோடு வாசலில் கொண்டுவந்து போட்டார்கள். ராக்கு சொம்பை எடுத்தாள்.

"அக்கா, ஒதட்டுல மட்டும் நனைங்க" என்றாள் ஜெயப்பிரியா.

"ஒரு வாய்தாண்டி. சாமி தண்ணி ஒண்ணும் செய்யாது."

ஒரு வாய்தான். ஒவ்வொருத்தருக்கும் ஒரு வாய்தான். இருபத்தோரு வீடு வரிசையில் நின்றது. புளியும் பனங்கருப்பட்டியும் ஏலக்காயும் மணத்தன. முதல் வாய் இறங்கியதும் சேதுபதி கண்ணை மூடிக்கொண்டான். பதினான்கு மாதமாக அந்தத் தொண்டையில் அப்படி ஒன்று இறங்கியதில்லை. அடுத்த சொம்புக்கு அவனே கழுத்தை நீட்டினான். தாடையில் வழிந்ததைக் கையால் வழித்து நக்கினான். "இன்னங் கொஞ்சம் ஊத்துங்க மதினி" என்றான். ஊற்றியவர்கள் மனசு நிறைந்து ஊற்றினார்கள். சிலர் அழுதார்கள்.

ஜெயப்பிரியா பத்தாவது ஆளிடம் சொம்பைப் பிடித்துத் தடுத்தாள். சேதுபதி அவளைப் பார்த்தான்.

"விட்ருடி" என்றான். "ஒரு நாளு."

அவள் கையை எடுத்துவிட்டாள். பிற்பாடு அவள் தன்னை மன்னிக்காமல்போனது இந்த ஒரு இடத்துக்காகத்தான்.

வேன்கள் கிளம்பின. குலவைச் சத்தம் விலக்கு ரோடு வரைக்கும் கேட்டது. அன்று மாலை சேதுபதி கலகலப்பாக இருந்தான். "நம்ம சாமி பானக்கத்துக்குத்தான் பேரு போனதுபோல" என்றான். ஆனால் படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தான்.

திங்கள் காலை எட்டு மணிக்கு அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கணுக்கால் வீங்கி, அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. ஒன்பது மணிக்கு இருமலில் நுரை வந்தது. இளஞ்சிவப்பு நுரை. அது என்னவென்று அவளுக்கு ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நுரையீரலில் தண்ணீர் கோத்துவிட்டது. மிஷினில் போட்டு இறக்கினால் பிழைப்பான். போன தையில் ஒரு தடவை இப்படி வந்து பிழைத்திருக்கிறான்.

108-க்குப் போட்டாள். உச்சிப்புளி ரோட்டில் ஒரு விபத்துக்கு வண்டி போயிருக்கிறது, அடுத்த வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆகும், அனுப்புகிறோம் என்றார்கள். பூமிநாதனுக்குப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகப் பெண் குரல் சொன்னது. மறுபடி போட்டாள். அதே குரல். வரிசையாகப் போட்டாள். இருபத்தோரு வீட்டுக்கும் அந்த ஒருத்தியே பதில் சொன்னாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க. சாவிய வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். நாகஜோதி வீடு நாலு வீடு தள்ளி. கதவு சாத்தியிருந்தது. உள்ளே டீவி ஓடும் சத்தம்.

"நாகு! ஏ நாகு! கதவத் தெற!"

டீவி சத்தம் நின்றது. யாரோ எழுந்து வரும் ஓசை கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் கொலுசு நின்றது.

"ஜெயாக்கா..." என்றாள் நாகஜோதி. "அக்கா, என்னன்னு மட்டும் சொல்லிறாத."

"அடியே, கதவத் தெற! அவுகளுக்கு..."

"சொல்லாத! சொல்லாத! ஒன் காலப் புடிச்சுக் கேக்குறேன், சொல்லாத! அங்கன இன்னும் மண்ணு எடுக்கல!"

"சாகலடி! உசுரோட இருக்காக! வண்டிச் சாவியக் குடு, ஒன் புருசன வந்து ஒரு கை புடிக்கச் சொல்லு!"

அவள் "சாக" என்று தொடங்கியபோதே உள்ளே டீவியை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டார்கள். ஏதோ விளம்பரம் அலறியது. ஜெயப்பிரியா கதவை உதைத்தாள். ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். நாகஜோதி சுவரோடு ஒண்டி இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தாள். அவள் புருசன் கட்டிலில் தலையணையைத் தலைக்குமேல் அமுக்கிக்கொண்டு கிடந்தான்.

"எதுவா இருந்தாலும் நாளைக்கு வந்து சொல்லு!" என்று நாகஜோதி கத்தினாள்.

அடுத்த வீட்டிலும் கதவு சாத்திக்கொண்டது. அதற்கடுத்த வீட்டிலும். அவள் தெருவில் வரவர முன்னால் கதவுகள் சாத்திக்கொண்டன.

நின்ற இடத்திலேயே காஜா நவாஸுக்குப் போட்டாள். புதுமடத்துக்காரர், இந்த ஊர்க் கரியை மூட்டை மூட்டையாக எடுக்கிற வியாபாரி. பூமிநாதன் வண்டி ரிப்பேர் ஆனால் கூப்பிடு என்று எப்போதோ ஒரு தடவை நம்பர் கொடுத்திருந்தார். இரண்டாவது மணியில் எடுத்தார்.

"தங்கச்சி? சொல்லும்மா."

சொன்னாள்.

"ஆளத் தலைய நிமித்தியே உக்கார வையி. படுக்கப் போட்றாத. இந்தா வாரேன்."

இருபத்தைந்து நிமிசத்தில் லோடு ஆட்டோவோடு வந்து இறங்கினார். கைலியும் பனியனுமாக அப்படியே வந்திருந்தார். அவருக்கு ஒரு கால் சற்றுச் சாய்வு. அவரும் அவளுமாகச் சேதுபதியைத் தூக்கமுடியவில்லை. உடம்பு நீர் கோத்துக் கல்லாகக் கனத்தது. இரண்டு தடவை வாசற்படியில் நழுவினார்கள். "ஏம்மா, ஊருல ஒரு ஆம்பளகூட இல்லையா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார். அவள் உள்ளே போய்ப் பாயை எடுத்துவந்தாள். பாயில் உட்காரவைத்து, பாயை இழுத்து, பலகை சாய்த்து வண்டியில் ஏற்றுவதற்குள் இன்னும் கால்மணி நேரம் போயிற்று.

கரித்தூள் படிந்த தகரத்தில் அவனை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். திருப்புல்லாணி தாண்டியதும் அவன் ஏதோ சொன்னான். காதை வாயருகே கொண்டுபோனாள்.

"எல்லாரும் நடந்துக்கிருப்பாகள்ல?"

"ம்."

"காட்டுக்குள்ள குளிச்சியா இருக்கும்."

ராமநாதபுரம் எல்லைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் அவன் தலை அவள் தோளில் இருந்து வழுக்கிற்று. காஜா நவாஸ் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைக்காமல் ஆஸ்பத்திரிவரைக்கும் ஓட்டினார். டாக்டர் பார்த்துவிட்டு மணியைக் குறித்துக்கொண்டார். பதினொன்று நாற்பது.

சாயங்காலம் அதே வண்டியில் கொண்டுவந்தார்கள். ஐஸ் பெட்டி, சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் காஜா நவாஸ்தான் ஏற்பாடு. கொள்ளி வைக்கிற உரிமைக்காரர்கள் வரும்வரைக்கும் எடுக்கமுடியாது. ஒரு கதவும் திறக்கவில்லை. சேதுபதியின் வீட்டில் விளக்கு எரிவதை யாரும் பார்க்கவில்லை, பெட்டியின் மோட்டார் ஓடுவதை யாரும் கேட்கவில்லை.

"அழுதுரும்மா. கல்லு மாதிரி உக்காந்திருக்காத" என்றார் காஜா நவாஸ்.

"சத்தம் போட்டு அழுதா அவுகளுக்குத் தீட்டாயிரும் பாய்."

அவர் நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

செவ்வாய் விடியும்போது வேன்கள் வந்தன. விலக்கு ரோட்டிலிருந்து தெருவுக்குள் வரவில்லை. சாமியானா தூரத்திலேயே தெரிந்திருக்கவேண்டும். கண்மாய்க்கரையில் ஏறிச் சுற்றிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பியபடியே பீடத்துக்குப் போனார்கள். உறுமியும் குலவையும் கேட்டன. பிடிமண் இறங்குகிற சத்தம். ஒரு மணி நேரம் அது நடந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெயப்பிரியா முழுக்கக் கேட்டாள். பொங்கல் மணமும் வந்தது.

காப்பு அவிழ்த்ததும் ஊர் ஓடிவந்தது. "என் ராசா" என்று ராக்கு தெருமுனையிலேயே மாரில் அடித்துக்கொண்டாள். நாகஜோதி பெட்டிமேல் விழுந்தாள். ஆண்கள் துண்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றார்கள். எல்லார் நெற்றியிலும் காட்டு விபூதி. அழுகை உண்மையான அழுகைதான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பூமிநாதன் அழவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு நின்றான். ஆன் செய்ததும் வந்த தகவல்கள் ஒவ்வொன்றாய் டிங் டிங்கென்று விழுந்துகொண்டிருந்தன. திங்கள் ஒன்பது ஐந்து. ஒன்பது ஆறு. ஒன்பது ஏழு. அவன் ஞாயிற்றுக்கிழமை வேன் கிளம்பிய பத்தாவது நிமிசமே அணைத்துவிட்டிருந்தான். கோடாங்கி எல்லார் பையையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான், அவனுக்கு மறைக்கத் தைரியம் இல்லை.

அவன் ஜெயப்பிரியாவுக்கு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததும் அழுகை கொஞ்சம் தணிந்தது. கோடாங்கி பின்னால் வந்து நின்றான்.

"ஆத்தா. ஒன்பது மணிக்குப் போன் போட்டிருக்க."

"ஆமா."

"நாங்க கேக்கல. போனு அணைஞ்சிருந்துச்சு. சேதி காதுல விழல." அவன் திரும்பிக் கோடாங்கியைப் பார்த்தான். கோடாங்கி தலையாட்டினான். "அதனால தீட்டு இல்ல. பிடிமண்ணு சுத்தந்தேன்."

அவள் பெட்டிக் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள்.

"நீ எழவுச் சேதி சொல்லத்தான போட்ட?" அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. "நாகு வீட்டுக் கதவத் தட்டுனியாம்ல, அதுவும் அதுக்குத்தான? சொல்லு ஆத்தா. தம்பி போனப்பறந்தான போட்ட?"

நாகஜோதி பெட்டியிலிருந்து முகத்தைத் தூக்கினாள். தெருவில் நின்றவர்களும் கழுத்தை நீட்டினார்கள். இரண்டு நாளாகக் காதை அடைத்துக்கொண்டிருந்த ஊர் அவள் சொல்லப்போகிற ஒரு வார்த்தைக்காக மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றது.

"இல்ல மச்சான்" என்றாள் ஜெயப்பிரியா. "அப்ப அவுக உசுரோட இருந்தாக. தூக்குறதுக்குப் போட்டேன். ஒரு ஆளு வந்தாப் போதும்னு போட்டேன்."

யாரும் அசையவில்லை.

"இப்ப நாப்பது பேரு வந்திருக்கீக. தூக்குங்க."